நகர விற்பனைக் குழுவும் கொங்குச் சந்தைத் தெருவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நகரத்தின் தெருவோரத்தில் யார் கடை போடலாம், எங்கே போடலாம், எந்த நேரத்தில் போடலாம் என்பதைத் தீர்மானிக்கச் சட்டப்படி ஓர் அவை இருக்கிறது. அதன் பெயர் நகர விற்பனைக் குழு. 2014 மே 1 அன்று நடைமுறைக்கு வந்த சாலையோர வியாபாரிகள் சட்டம், உள்ளாட்சிதோறும் இந்தக் குழு இயங்க வேண்டும் என்கிறது. நகராட்சி ஆணையர் அதன் தலைவர். வியாபாரிகள் தமக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு உரிய இடம் தர வேண்டும். தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய அமைப்புகளுக்கும் சேர்த்து 10 சதவீதத்துக்குக் குறையாத இடம் உண்டு. காவல் துறை, போக்குவரத்துக் காவல், திட்டக் குழுமம், நகர்நல அலுவலர், வங்கி, வணிகர் சங்கம், குடியிருப்போர் நலச்சங்கம் ஆகியவற்றின் ஆட்களும் அதே மேசையில் உட்காருவார்கள்.

இந்தக் குழுவின் வேலையில் ஒரு பாதி ஆலோசனை, மறு பாதி நிர்வாகம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை விற்பனைத் திட்டம் வகுக்கும் பொறுப்பு உள்ளாட்சியுடையது. அதைக் குழுவின் பரிந்துரையின்பேரில்தான் வகுக்க முடியும். வியாபாரிகளைக் கணக்கெடுப்பதும் விற்பனைச் சான்றிதழ் வழங்குவதும் குழுவின் நேரடி வேலை. கூட்டத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதைப் பார்த்துக் குழுவின் நியாயத்தை அளக்கிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். பட்டியலில் பேர் ஏறாதவருக்கு ஓட்டு இல்லை, சான்றிதழ் இல்லை, இடம் ஒதுக்கும் குலுக்கலில் சீட்டு இல்லை. ஆகவே ஒதுக்கப்பட்டவர்களைச் சேர்ப்பது கணக்கெடுப்பவர் தெருவில் இறங்கும் அந்தக் காலைப்பொழுதிலேயே நடக்க வேண்டும். இந்த ஆய்வு நெடுகிலும் அந்தக் கண்கொண்டுதான் பார்க்கிறது.

மாதிரி ஊர்

குறிப்பிட்ட ஓர் ஊரின் பதிவாக இதை எழுதவில்லை. கொங்கு நாட்டு நகரங்களில் பொதுவாகக் காணும் அமைப்பை வைத்து ஒரு மாதிரி ஊரை வரைந்துகொள்கிறோம். கீழே வரும் எண்கள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. சட்ட விதிகள் மட்டும் உள்ளபடி.

ஊரின் மக்கள்தொகை 1,20,000. பேருந்து நிலையத்திலிருந்து சந்தைப்பேட்டைக்குப் போகும் தெருதான் ஊரின் நாடி. விடியற்காலையில் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் கீரைக்கட்டு, முருங்கை, கத்தரி என்று கூடையோடு வந்து தரைக்கடை போடுவார்கள். பகலில் செருப்புத் தைப்பவர், குடை பழுது பார்ப்பவர், பூக்கட்டுபவர். மாலையில் பனியன் கம்பெனி விட்டதும் பானிபூரி, சில்லி சிக்கன், பருத்திப்பால் தள்ளுவண்டிகள். வாரச்சந்தையன்று கூட்டம் பல மடங்காகும். திருப்பூர்ப் பக்கத்து ஊர் என்றால் சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்கத் துணிக்கடையாகிவிடும். ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாயில் முடிகிறது. ஒரே தெருவில் மூன்று நான்கு வெவ்வேறு சந்தைகள் நேரம் மாற்றி நடக்கின்றன என்பதுதான் இந்தப் பகுதியின் தன்மை. குழு பண்ணுகிற பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

எத்தனை பேருக்கு இடம் தர வேண்டும்? வார்டு, மண்டலம் அல்லது நகர மக்கள்தொகையில் 2.5 சதவீதம் என்ற வரம்புக்கு உட்பட்டு, கணக்கெடுப்பில் அடையாளம் காணப்பட்ட அனைவருக்கும் என்கிறது சட்டம். நகர அளவில் கணக்கிட்டால் 3,000 பேர். இதையே வார்டு அளவில் கணக்கிட்டால் விபரீதமாகும். சந்தைப்பேட்டை வார்டில் குடியிருப்பவர்கள் 4,000 பேர் என்றால் வரம்பு 100தான்; அங்கே கடை போடுபவர்களோ 400 பேர் இருப்பார்கள். மீதி 300 பேரை ‘வரம்பு மீறியவர்கள்’ என்று எழுதிவிட ஒரு வரி போதும். ஊரின் மற்ற வார்டுகளில் பத்துக் கடைகூட இருக்காது. எனவே முதல் கூட்டத்திலேயே, வரம்பு நகரம் முழுமைக்கும் சேர்த்துக் கணக்கிடப்படும் என்று தீர்மானம் போட்டுவிட வேண்டும். எந்த ஆண்டின் மக்கள்தொகை என்பதையும் அதே தீர்மானத்தில் எழுத வேண்டும். 2011 கணக்கெடுப்பை மட்டும் வைத்தால், அதன்பின் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் வந்து குடியேறியவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அவர்களுக்குச் சோறு விற்கும் வண்டிக்காரருக்கும் அதனால் இடம் குறையும்.

கணக்கெடுப்பு

பிழை நடக்கும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான். வேலைநாளில் காலை 10 மணிக்கு மேல் இரண்டு பேர் படிவத்தோடு வருவார்கள். கீரைக்காரர்கள் 9 மணிக்கே விற்று முடித்துப் பேருந்து ஏறியிருப்பார்கள். மாலை வண்டிகள் இன்னும் வெங்காயம் உரித்துக்கொண்டு வீட்டில் இருக்கும். தெருவில் அந்நேரம் எஞ்சி நிற்பது பெட்டிக்கடைகளும், நிரந்தரக் கடைக்காரர் தம் கடைக்கு முன்னால் நீட்டிப் போட்ட மேசைகளும்தான். பட்டியல் அவர்களால் நிரம்பும். ‘அந்த ஆத்தா வெசாழக்கெழம மட்டுந்தானுங்க கடை போடுவாங்க’ என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால்கூடப் படிவத்தில் எழுத இடம் இருக்காது.

சரியான முறை, ஒரே தெருவை நான்கு தடவை எண்ணுவது. வேலைநாள் காலை 5 முதல் 8 வரை. வேலைநாள் மாலை 5 முதல் 9 வரை. வாரச்சந்தை நாள் முழுக்க. ஞாயிற்றுக்கிழமை மாலை. நான்கையும் ஒரே வாரத்துக்குள் முடித்துவிட்டால் இரட்டைப் பதிவைப் பிரிப்பது எளிது. திருவிழா, அமாவாசை, பெருமழை உள்ள வாரத்தைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் புகைப்படம், இருப்பிடக் குறியீடு, பொருள், கடைபோடும் கிழமையும் நேரமும், எத்தனை ஆண்டாக, வண்டி சொந்தமா வாடகையா என்ற விவரங்கள் வேண்டும். ‘எத்தனை ஆண்டாக’ என்பதற்கு, கடை போட்டதற்காகக் கட்டிய சந்தைச் சுங்கச் சீட்டு இருந்தால் நல்ல சான்று. இல்லையென்றால் இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களின் வாய்மொழி போதும் என்று முன்னரே முடிவு செய்துகொள்ளலாம்.

நடமாடும் வியாபாரிகள் தனிச் சிக்கல். சைக்கிளில் டீ விற்பவரும், தலைச்சுமையாகக் கருவாடு கொண்டு வருபவரும், கோலமாவு வண்டிக்காரரும் எந்தத் தெருவிலும் நின்றபடி அகப்படமாட்டார்கள். அவர்களை விற்கும் இடத்தில் தேடுவதைவிடக் கொள்முதல் இடத்தில் பிடிப்பது சுலபம். பூமார்க்கெட், மொத்தக் காய்கறி மண்டி, ஐஸ் கம்பெனி, கருவாட்டு மண்டி ஆகிய நான்கு வாசல்களில் விடியற்காலை 4 மணிக்கு ஆள் நிறுத்தினால் பெரும்பாலோர் பதிவாகிவிடுவார்கள். சட்டம் நிலையான வியாபாரி, நடமாடும் வியாபாரி, பிற வகை என்று பிரித்துத்தான் சான்றிதழ் தரச் சொல்கிறது. நடமாடுபவர் இடம் கேட்கவில்லை என்பதற்காக அவரை விட்டுவிடக் காரணமில்லை.

சேவை செய்பவர்களும் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறார்கள். செருப்புத் தைப்பவர், பூட்டுச் சாவி செய்பவர், சாணை பிடிப்பவர், கிளி ஜோசியர் எல்லோரும் சாலையோர வியாபாரிகளே. கணக்கெடுப்பவர்கள் ‘விற்பனை’ என்ற சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு, பொருள் வைத்திருப்பவரை மட்டும் எழுதுவது பரவலான பிழை. கொங்கில் இதற்குச் சாதி விளைவு உண்டு. செருப்புத் தைக்கும் தொழிலில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அருந்ததியர். அந்தத் தொழிலை எண்ணாமல் விட்டால், பட்டியல் சாதி இடத்துக்குப் போட்டியிடவோ ஓட்டுப்போடவோ ஆளில்லை என்ற நிலை தானாக வந்துவிடும். பிறகு ‘யாரும் மனுப் போடவில்லை’ என்று குறிப்பு எழுதப்படும். இதேபோல் ஊசி, பாசிமணி விற்கும் நரிக்குறவர்கள். 2023 ஜனவரி முதல் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். சான்றிதழ் வழங்குவதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், சிறுபான்மையினர் ஆகியோருக்கு முன்னுரிமை தரச் சட்டம் இடம் தருகிறது. பேருந்து நிலையத்துக்குள்ளேயே சுற்றி விற்கும் நரிக்குறவப் பெண்ணுக்கு அந்த முன்னுரிமை கிடைக்க வேண்டுமானால், கணக்கெடுப்புக்கு முன்பே வருவாய்த் துறையோடு பேசி, அவர்கள் குடியிருப்பில் சாதிச் சான்றிதழ் முகாம் ஒன்று நடத்த வேண்டும். ரயில் நிலைய வளாகம் மட்டும் இந்தச் சட்டத்துக்கு வெளியே. ரயில்வே நிலத்தில் விற்பவர்களைக் குழுவால் எடுத்துக்கொள்ள முடியாது.

பெண்கள் விஷயத்தில் பிழை இன்னும் நுட்பமானது. கடையில் தராசு பிடித்து நிற்பவர் மனைவி. ஆதாரோடு இணைத்த கைபேசி கணவரிடம். பதிவைச் சரிபார்க்கும் ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. கணக்கெடுப்பவர் கணவர் பெயரில் பதிந்துவிட்டுப் போகிறார். பிறகு குடும்பத்தில் தகராறு வந்தாலோ அவர் விட்டுவிட்டுப் போனாலோ, இருபது ஆண்டு கடை நடத்தியவர் யாரோ ஒருவராகிவிடுகிறார். இதற்கு ஒரு விதி போதும்: எண்ணும் நேரத்தில் தராசு யார் கையில் இருக்கிறதோ அவர் பெயரில் பதிவு. கைபேசி இல்லாதவருக்குக் கைரேகைக் கருவியோடு பின்னால் ஒரு முகாம். வாடகை வண்டிக்கும் இதே விதிதான். ஒருவரே பத்து வண்டி வைத்துத் தினவாடகைக்கு விடுவது எல்லா ஊரிலும் உண்டு. தானோ குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்வேன், வேறு பிழைப்பு இல்லை, சான்றிதழை யாருக்கும் கைமாற்றமாட்டேன் என்று சட்டம் உறுதிமொழி கேட்கிறது. ஆகவே வண்டி முதலாளிக்குச் சான்றிதழ் கிடையாது, வண்டி தள்ளுபவருக்குத்தான்.

வடமாநிலத்திலிருந்து வந்து பானிபூரி, மோமோ விற்பவர்களை ஊர்க்காரர் பட்டியலில் சேர்க்கவே கூடாது என்ற எதிர்ப்பு கூட்டத்துக்குக் கூட்டம் வரும். பூர்வீகத்தைச் சட்டம் கேட்கவில்லை. இந்த ஊர்த் தெருவில் வியாபாரம் செய்கிறாரா, 14 வயது நிறைந்ததா என்றுதான் பார்க்கிறது. ரேஷன் அட்டை உள்ளூரில் இருக்க வேண்டும், வாக்காளர் அட்டை வேண்டும் என்று குழு கூடுதல் நிபந்தனை போட்டால், அது சட்டத்தில் இல்லாத வேலி. இதில் குழு தளர்ந்து போகக் கூடாது. படிவத்தின் இந்தி நகலும், அந்த மொழி தெரிந்த ஒருவரும் உடன் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

விடுபட்டவர்களைப் பிடிக்க இன்னொரு வழி கைவசம் இருக்கிறது. பல குழுக்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சாலையோர வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி கடன் திட்டத்தில், கணக்கெடுப்பில் இல்லாதவர்களுக்கும், சுற்றுக் கிராமத்திலிருந்து வந்து நகரில் விற்பவர்களுக்கும் உள்ளாட்சியே பரிந்துரைக் கடிதம் தந்தது. அந்தக் கடிதப் பட்டியலைப் பழைய கணக்கெடுப்புப் பட்டியலோடு ஒப்பிட்டால், கணக்கெடுப்பு யாரைத் தவறவிட்டது என்பது பேர் பேராகத் தெரியும். கிராமத்துக் கீரைக்காரப் பெண்கள் அதில்தான் அதிகம் இருப்பார்கள்.

வரைவுப் பட்டியலை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு 15 நாள் காத்திருந்தால் ஒருவரும் ஆட்சேபிக்கமாட்டார்கள். அதே தெருவில், பேருந்து நிலையத் தூணில், சந்தைப்பேட்டை வாசலில் புகைப்படத்தோடு ஒட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவரும் தன் முகத்தைக் கண்டுகொள்வார். கடைக்கு முன்னால் மேசை போட்ட முதலாளியின் முகத்தையும் மற்றவர்கள் கண்டுகொள்வார்கள். இந்த வேலை முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் தரும்வரை யாரையும் அகற்றவோ இடம் மாற்றவோ கூடாது என்று சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. எனவே அவசரப்பட்டு முடிக்க வேண்டிய கட்டாயம் வியாபாரிக்கு இல்லை. தெருவைக் காலி செய்ய விரும்புகிறவருக்குத்தான் அவசரம்.

தேர்தல்

15 பேர் குழு என்றால் வியாபாரிகளுக்கு 6 இடம், அதில் 2 பெண்கள். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மை, மாற்றுத்திறனாளி என ஐந்து பிரிவையும் தனித்தனி இடமாக வைத்தால் பொது இடம் ஒன்றே ஒன்று மிஞ்சும். பெண்கள் இடமும் சேர்ந்தால் கணக்கு இடிக்கும். பெண் இடங்களை மற்றப் பிரிவுகளின்மீது படியும்படி வைக்க வேண்டும்: பட்டியல் சாதிப் பெண், சிறுபான்மைப் பெண் என்பதுபோல. அடுத்த தேர்தலில் பெண் இடங்கள் வேறு பிரிவுக்குச் சுழல வேண்டும். திருநங்கையரைச் சட்டத்தின் முன்னுரிமைப் பட்டியல் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 2008லேயே திருநங்கையர் நலவாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. குழு, தொடர்புள்ளவர்களைக் கூட்டத்துக்குத் தற்காலிகமாக இணைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது; அந்த வழியில் ஒருவரை அழைத்து உட்காரவைக்கலாம்.

வாக்குப்பதிவு நேரம் காலை 8 முதல் மாலை 5 என்று அலுவலக வழக்கப்படி வைத்தால், கீரைக்காரர்களுக்கு அது விற்பனை நேரம், மாலை வண்டிக்காரர்களுக்குச் சமையல் நேரம். வாரச்சந்தை நாளில் சந்தைப்பேட்டைக்குள்ளேயே வாக்குச்சாவடி வைப்பது நல்லது. அறிவிப்பு நாளிதழில் வந்தால் போதாது. ஆட்டோவில் மைக் கட்டித் தமிழிலும் இந்தியிலும் மூன்று நாள் சொல்ல வேண்டும். தேர்தலே இல்லாமல் பெரிய சங்கங்கள் ஆறு பேரை ஒருமனதாகக் கொடுத்துவிடும் வழக்கம் கேட்க நன்றாக இருக்கும். சங்கத்துக்குச் சந்தா கட்ட முடியாதவர்கள்தான் அதில் விடுபடுவார்கள்.

தெருவைப் பங்கிடுதல்

மாதிரி ஊரின் சந்தைத் தெருவில் ஒரு பக்கம் 200 மீட்டர் நீளம் இருக்கிறது. பேருந்து நிறுத்தத்துக்கு 20 மீட்டர். பள்ளி வாசலும் மருத்துவமனை வாசலும் தலா 6 மீட்டர். இரு முனைகளிலும் திருப்பத்துக்குத் தலா 10 மீட்டர். ஆக 52 போக மிச்சம் 148 மீட்டர். தள்ளுவண்டி ஏறத்தாழ 6 அடி நீளம். ஆள் நிற்க இடம் சேர்த்து ஒரு கடைக்கு 2 மீட்டர் வைக்கலாம். பத்துக் கடைக்கு ஒரு 2 மீட்டர் இடைவெளி, சக்கர நாற்காலியும் ஸ்ட்ரெச்சரும் குறுக்கே போக. ஒரு தொகுதி 22 மீட்டர். ஆறு தொகுதிக்கு 132 மீட்டர், 60 கடை. மீதி 16 மீட்டரில் 8 கடை. மொத்தம் 68. கடைகளுக்குப் பின்னால் நடப்பவர்களுக்குத் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் விட வேண்டும். இந்தியச் சாலைக் கழகத்தின் நடைபாதை அளவு அதுதான். மின்கம்பம், மின்மாற்றி, கால்வாய் மூடி இருக்கும் இடங்களை அளவு நாடாவோடு போய்க் கழிக்காமல் வரைபடத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால், குலுக்கலில் விழுந்த இடத்தில் கம்பம் நிற்கும்.

68 பேருக்குத்தான் இடம் என்று இங்கே நிறுத்துவது மறுபடியும் அதே பிழை. காலை 5 முதல் 10 வரை காய்கறியும் பூவும். மாலை 5 முதல் 10 வரை உணவும் துணியும். அதே 68 இடம் 136 பேருக்கு ஆகும். பகல் நேரத்துக்குச் செருப்புத் தைப்பவர், பூட்டுக்காரர் போன்ற குறைந்த இடம் வேண்டுபவர்கள். வாரச்சந்தை நாளுக்குத் தனிப் பட்டியல். சான்றிதழில் கிழமையையும் நேரத்தையும் எழுதிவிட்டால் இடம் மிச்சமாகும். இரண்டு வேளைக்கும் நடுவில் தெருவைக் கழுவ ஒரு மணி நேரம் விட்டுவைத்தால் தூய்மைப் பணியாளர்களும் திட்டத்தில் சேர்ந்துவிடுவார்கள். இல்லையென்றால் காலைக்காரர் போட்ட குப்பைக்கு மாலைக்காரர் திட்டு வாங்குவார்.

இடம் போதாதபோது குலுக்கல் போட்டு, மீதிப் பேரைப் பக்கத்து விற்பனை மண்டலத்தில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். குலுக்கலுக்கு முன்பே சில இடங்களை எடுத்துவைக்கலாம். தரைமட்டமாக, படியில்லாமல், பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் இருப்பவை மாற்றுத்திறனாளிகளுக்கு. கழிப்பறைக்கு அருகே, தெருவிளக்கின் கீழ் இருப்பவை மாலைப் பட்டியலில் உள்ள பெண்களுக்கு. மீதி எல்லாம் வியாபாரிகள் முன்னிலையில், சந்தைத் திடலிலேயே குலுக்கல். ‘காலையில் முதலில் வந்தவருக்கு இடம்’ என்ற வழக்கம் நியாயமாகத் தோன்றும். கிராமத்துப் பெண் முதல் நகரப் பேருந்தில் வந்து இறங்கும்போது ஊருக்குள் குடியிருப்பவர் இடம் பிடித்து முடித்திருப்பார். 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும் முதல் வண்டியின் நேரம் மாறவில்லையே.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். பொருள்வாரியாகக் கடைகளைப் பிரிக்கும்போது அடுப்பு இருப்பவை ஒரு வரிசை, இல்லாதவை ஒரு வரிசை என்று பிரிப்பது பாதுகாப்புக்காக. கேஸ் சிலிண்டர் பக்கத்தில் துணிக்கடை கூடாது. ‘சுத்தமான கடைகள், மற்றவை’ என்று பிரிக்கக் கேட்டு யாராவது வந்தால் காரணத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். செருப்புத் தைப்பவரையும் கருவாட்டுக்காரரையும் மாட்டிறைச்சிக் கடைக்காரரையும் கோடிக்குத் தள்ளும் கோரிக்கை சுகாதாரம் பேசிக்கொண்டு வரும், உள்ளே சாதி இருக்கும். எல்லோருக்கும் திறந்திருக்கும் தொழிலைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் செய்யவிடாமல் தடுப்பதும், அவர்கள்மீது பொருளாதாரப் புறக்கணிப்பை ஏவுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் குற்றங்கள். குழு தன் தீர்மானத்தால் அதற்குத் துணைபோய்விடக் கூடாது. ஈ மொய்க்காத மூடி, கழிவுநீர்த் தொட்டி, குப்பைக்கூடை என்று அளந்து பார்க்கக்கூடிய நிபந்தனையை எல்லாக் கடைக்கும் ஒன்றாக வைத்தால், சுகாதாரமும் கிடைக்கும், ஒதுக்கலும் நடக்காது.

ஆண்டாண்டாக மக்கள் கூடும் இடத்தை இயல்புச் சந்தை என்று குழு பரிந்துரைத்து அறிவிக்கச் செய்யலாம். விற்பனைத் திட்டம் இயல்புச் சந்தைகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று சட்டத்தின் முதல் அட்டவணை சொல்கிறது. ஊருக்கு வெளியே இரண்டு கிலோமீட்டர் தள்ளி வியாபார வளாகம் கட்டிக்கொடுத்து எல்லோரையும் அங்கே போகச் சொல்லும் திட்டங்கள் தோற்பது இதனால்தான். வாங்குபவர் பேருந்திலிருந்து இறங்கும் இடத்தில் கீரை இருந்தால் வாங்குவார்; கீரைக்காக இன்னொரு பேருந்து ஏறமாட்டார்.

கூட்டமும் குறிப்பேடும்

கூட்டம் முற்பகல் 11 மணிக்கு வைக்கப்பட்டால், வியாபாரி உறுப்பினர் ஒருவேளைப் பிழைப்பை விட்டுவிட்டு வர வேண்டும். பிற்பகல் 2.30 முதல் 4 வரை எல்லா வகை வியாபாரிக்கும் ஓய்வான நேரம். உறுப்பினர்களுக்குப் படி வழங்க விதி உண்டு. தரப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். நிகழ்ச்சி நிரல் ஏழு நாள் முன்னால், தமிழில், தெருப் பெயர்களோடு போக வேண்டும். ‘போக்குவரத்து ஒழுங்கு குறித்து’ என்று இருந்தால் வியாபாரிக்கு ஒன்றும் புரியாது. ‘சந்தைத் தெரு கிழக்குப் பக்கம், மருத்துவமனை வாசல் முதல் பாலம் வரை கடைகளை அகற்றுவது குறித்து’ என்று இருந்தால் ஆளைத் திரட்டிக்கொண்டு வருவார்.

குழுவின் ஒவ்வொரு முடிவையும் காரணத்தோடு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நாற்பது சதவீதம் என்ற எண்ணைவிட இந்த வரிக்கு வலு அதிகம் என்பது எங்கள் கணிப்பு. ‘விவாதிக்கப்பட்டது, ஒருமனதாக ஏற்கப்பட்டது’ என்று எழுதும் குறிப்பேட்டில் எதிர்த்தவரின் குரல் மறைந்துவிடும். நல்ல குறிப்பு இப்படி இருக்கும்: ‘கிழக்குப் பக்கத்து 22 கடைகளை மேற்குப் பக்கத்துக்கு மாற்றப் போக்குவரத்துக் காவல் கோரியது. காரணம்: ஆம்புலன்ஸ் திரும்ப இடமில்லை. பெண் உறுப்பினர் இருவர் மறுத்தனர். மேற்குப் பக்கத்தில் தெருவிளக்கும் கழிப்பறையும் இல்லை என்றனர். முடிவு: விளக்கு போட்டபின் 8 கடைகள் மட்டும் மாற்றப்படும்.’ இப்படி எழுதப்பட்டால், மேல்முறையீட்டுக்குப் போகிறவருக்குக் கையில் ஆதாரம் இருக்கும். குறைதீர்க்கும் குழு தனியாக உண்டு. சிவில் நீதிபதியாகவோ நீதித்துறை நடுவராகவோ இருந்தவர் அதன் தலைவர், உடன் இருவர், அரசு ஊழியர் யாரும் அதில் இருக்கக் கூடாது. அதன் முகவரி சான்றிதழின் பின்பக்கத்திலேயே அச்சிடப்பட வேண்டும்.

பறிமுதலும் சுங்கமும்

இடம் மாற்றுவதற்கு 30 நாள் நோட்டீஸ். அதற்குப் பிறகும் போகாதவருக்கு நாளொன்றுக்கு ரூ.250 வரை அபராதம். பொருளை எடுத்தால் பட்டியல் போட்டுக் கையெழுத்திட்டு நகல் தர வேண்டும். அழுகக்கூடிய பொருளைக் கேட்ட அன்றே, மற்றவற்றைக் கேட்ட இரண்டு வேலைநாளுக்குள் திருப்பித் தர வேண்டும். நடைமுறையில் நடப்பது: வண்டி லாரியில் ஏற்றப்படும், பட்டியல் எழுதப்படாது, மூன்றாம் நாள் வாழைப்பழம் கறுத்திருக்கும், தராசு காணாமல் போயிருக்கும். இதைத் தடுக்கச் சிறிய ஏற்பாடு ஒன்று உண்டு: பறிமுதல் குழுவின் கையில் வரிசை எண்ணிட்ட மூன்று நகல் சீட்டுப் புத்தகம் இருக்க வேண்டும், ஒன்று வியாபாரிக்கு, ஒன்று கிடங்குக்கு, ஒன்று விற்பனைக் குழுவுக்கு. மாதக் கூட்டத்தில் அந்த மூன்றாவது நகல்களை மேசையில் வைத்து, எத்தனை பொருள் திரும்பியது என்று எண்ண வேண்டும். யாரிடம் அடிக்கடி பறிக்கப்படுகிறது என்பதும் அதில் தெரிந்துவிடும். தனியாக வரும் பெண்களிடமும் தமிழ் தெரியாதவர்களிடமும்தான் அதிகமா என்று பார்க்க வேறு ஆய்வு தேவையில்லை.

சான்றிதழுக்கு விற்பனைக் கட்டணம் வாங்க ஆரம்பித்தபின், சந்தைச் சுங்கக் குத்தகைதாரரின் ஆள் அதே கடைக்கு வந்து மறுபடியும் சீட்டுக் கிழிப்பது இரட்டை வசூல். குத்தகை ஏல நிபந்தனையிலேயே, சான்றிதழ் பெற்றவர் அட்டையைக் காட்டினால் சுங்கம் இல்லை என்று எழுதிவிட வேண்டும். ஏலம் முடிந்தபின் இதைச் சேர்க்க முயன்றால் குத்தகைதாரர் நஷ்டம் கேட்பார். ஆகவே ஏல அறிவிப்பு வெளிவரும் மாதத்துக்கு முந்தைய கூட்டத்தில் இந்தத் தீர்மானம் வந்துவிட வேண்டும்.

சமூகத் தணிக்கை

குழு தன் வேலையைச் சமூகத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும், சான்றிதழ் வேலை எத்தனை நாளில் முடியும் என்று சொல்லும் சாசனம் வெளியிட வேண்டும், பதிவேட்டை நடப்பில் வைக்க வேண்டும் என்று சட்டத்தின் இருபத்தாறாம் பிரிவு சொல்கிறது. தணிக்கைக்குப் போகிறவர்கள் அறிக்கையைப் படிப்பதோடு நிற்காமல், சந்தை நாளன்று தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, ஐந்தாவது கடைதோறும் நின்று நான்கு கேள்வி கேட்டால் போதும். அட்டை உங்கள் பெயரிலா? அதில் எழுதிய நேரமும் இடமும் இப்போது நீங்கள் இருப்பதுதானா? உங்கள் பிரதிநிதி யார்? கடைசியாகப் பொருள் எடுத்துப் போனபோது சீட்டுத் தந்தார்களா? பதிலைப் பெண், ஆண், பிரிவு, காலை, மாலை, உள்ளூர், வெளியூர் என்று பிரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். 136 பேர் பட்டியலில் 27 பேரைக் கேட்டாலே, எந்தப் பிரிவில் ஓட்டை என்பது புலப்படும்.

கணவன் பெயரில் அட்டை வைத்திருக்கும் பெண்கள் ஐந்தாறு பேர் வந்தால், அடுத்த கணக்கெடுப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கணக்கெடுப்புகளுக்கு இடையிலும் புதிதாகச் சான்றிதழ் வழங்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. சான்றிதழ் பெற்றவர் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ துணைவருக்கோ சார்ந்திருக்கும் பிள்ளைக்கோ அது போகும் என்ற விதி தனி. உயிரோடு, நலமாக இருக்கும் கணவரின் பெயரிலிருந்து கடை நடத்தும் மனைவியின் பெயருக்கு மாற்றக் கணவர் ஒரு விலகல் கடிதமும், பக்கத்துக் கடைக்காரர் இருவரின் கையெழுத்தும், புதிய விண்ணப்பமும் கேட்கலாம். விலகல் கடிதம் தர மறுக்கும் கணவர் இருந்தால், கடை நடத்துபவர் தான்தான் என்று பொய்யாகச் சொல்லி அவர் அட்டை பெற்றாரா என்பதை விசாரித்து, அது உண்மையானால் அவர் தரப்பைக் கேட்டபின் அட்டையை ரத்து செய்து, மனைவியின் விண்ணப்பத்தை அதே கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு தீர்மானத்தையும் வெவ்வேறு கூட்டத்துக்குத் தள்ளினால், இடைப்பட்ட மாதத்தில் அந்த 2 மீட்டர் இடத்துக்கு வேறு ஆள் வந்து நிற்பார்.